"எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கு ஆற்றைப் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

மழைக்காலத்து மலையாற்றில் ஒருத்தர் காயாக் படகில் இறங்குற வீடியோ ரெண்டு நாளா சுத்திட்டு இருக்கு. கீழே கமெண்ட் எல்லாம் ஒரே ராகம். "கொழுப்பு". "செத்தா அரசாங்கம் பத்து லட்சம் கொடுக்கணுமா?" "வேலை வெட்டி இல்லாதவனுங்க".

வீடியோவை இன்னொரு தடவை பாருங்க. அவர் தலையில் ஹெல்மெட் இருக்கு, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்கு. பாறைக்குக் கீழ்ப்பக்கம் கரையில் ரெண்டு பேர் கையில் கயிற்றுப் பையோட நிக்கறாங்க. அவர் கவிழ்ந்தால் அடுத்து என்ன செய்யணும்னு அந்த மூணு பேருக்கும் முன்னாடியே தெரியும். இப்ப சொல்லுங்க, ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காவிரிப் படித்துறையில் இறங்குற நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் எது இருக்கு?

ஒண்ணும் இல்லை. ஒரு துருப்பிடிச்ச போர்டு இருக்கு. "ஆழமான பகுதி, குளிக்கத் தடை". அதுக்கும் பின்னாடி துணி காயப்போட்டிருப்பாங்க.

இந்தியாவில் ஒவ்வொரு வருஷமும் 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். இது அரசின் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிடும் கணக்கு. இதில் காயாக் ஓட்டிச் செத்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள். மீதி எல்லாம் குளிக்கப் போனவர்கள், துணி துவைக்கப் போனவர்கள், மாடு குளிப்பாட்டப் போனவர்கள், காலேஜ் லீவுக்கு அருவி பார்க்கப் போனவர்கள். பொழுதுபோக்குக்குப் போறவன் பயிற்சியோடு போறான், அன்றாடம் ஆற்றோடு வாழுறவன் வெறுங்கையோடு போறான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எமர்ஜென்சியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்: "நல்லா நீச்சல் தெரியும் சார் அவனுக்கு". உடலைக் கொண்டு வந்த அப்பாவோ அண்ணனோ நம்ப முடியாமல் சொல்வது. அவங்க பொய் சொல்லலை. கிணற்றில் நீந்தியிருப்பான், குளத்தில் அக்கரை இக்கரை போயிருப்பான். கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கேயும் இழுக்காது. ஆற்றுத் தண்ணீருக்குப் போக ஒரு இடம் இருக்கு, அது உங்களையும் கூட்டிட்டுத்தான் போகும்.

கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கங்க. ஓடும் தண்ணீர் உங்கள் உடலைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. நெஞ்சளவு தண்ணீரில் நிற்கும் ஒருவரின் உடலில் அரை சதுர மீட்டர் பரப்பு ஓட்டத்தை எதிர்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தோராயமாக 25 கிலோ எடை உங்கள் மேல் சாய்ந்தது போல இருக்கும். சமாளிச்சிடலாம். 2 மீட்டரில் 100 கிலோ. 3 மீட்டரில் 225 கிலோ. நொடிக்கு 3 மீட்டர் என்றால் ஏதோ ராட்சத வேகம் இல்லை, சைக்கிளை நிதானமாக மிதிக்கிற வேகம்தான். இந்தத் தள்ளல் ஒரு நொடி தள்ளிட்டு நிற்காது என்பதுதான் முக்கியம். அலை வந்துட்டுப் போகும். ஆறு விடவே விடாது.

இதனால்தான் காயாக் கத்துக்கொடுக்கும்போது முதல் நாளே சொல்லும் விஷயம் நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரா இருக்கும்: வேகமா ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதே. நாம என்ன செய்வோம்? அடித்துச் செல்லப்பட்டதும் காலை ஊன்றித் தரையைத் தேடுவோம். ஆற்றின் அடியில் இருப்பது பாறை இடுக்குகள். அதில் பாதம் ஒரு தடவை சிக்கிட்டா, பின்னாலிருந்து வரும் ஓட்டம் உடம்பை முன்னால் மடக்கித் தண்ணீருக்குள் அமுக்கிடும். தொடையளவு தண்ணீரில் கூட ஆறடி ஆள் மூழ்கிச் சாகலாம். ஊர்ல "உள்ளேயிருந்து எதுவோ காலைப் பிடிச்சு இழுத்துச்சு"ன்னு சொல்வாங்க இல்லையா, பேயும் இல்லை முனியும் இல்லை. பாறை பிடிச்சிருக்கு, தண்ணி அமுக்கியிருக்கு.

சரி, என்ன செய்யணும்? மல்லாந்து படுங்க. கால் ரெண்டும் நீர் ஓடும் திசையில், பாதம் மேலே தெரியுற மாதிரி. பாறை வந்தா கால் முட்டட்டும், தலை முட்ட வேண்டாம். கைகளால் துழாவிக் கரையை நோக்கிச் சாய்வா நகருங்க. ஓட்டத்தை எதிர்த்து நீந்தவே கூடாது. பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணீர் அமைதியா, சில சமயம் மேல்நோக்கி ஓடும் பகுதி இருக்கும். அது உங்க பஸ் ஸ்டாப். அங்கே ஒதுங்குங்க. முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்து நிக்கணும்.

விழுந்து கிடக்கும் மரம், முள்புதர், பாலத்தடியில் சிக்கிய குப்பை: இவை டீ வடிகட்டி மாதிரி. தண்ணி போயிடும், நீங்க மாட்டிப்பீங்க. இதை நோக்கி அடித்துப் போனால் மட்டும் விதி மாறும். கால் முன்னாடி போகக் கூடாது. குப்புறத் திரும்பி, தலை முன்னாடி, வேகமா நீந்தி மரத்தின் மேலே ஏறிப் படுக்கணும். அடியில் போனா திரும்பி வர மாட்டீங்க.

இப்போ தடுப்பணை. பார்க்கிறதுக்கு எவ்வளவு சாதுவா இருக்கும்! நாலடி அஞ்சடி உயரம், மேலே கண்ணாடி மாதிரி வழியுற தண்ணி, கீழே வெள்ளையா நுரை. ரீல்ஸுக்கு ஏத்த இடம். இதே அமைப்பை மேல்நாட்டு மீட்பாளர்கள் 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்று அழைக்கிறார்கள். விழும் தண்ணீர் அடியில் போய், மேலே வந்து, மறுபடியும் அணையை நோக்கியே திரும்புகிறது. ஒரு உருளை. அதில் மாட்டியவர் மேலே வருவார், அணைப்பக்கம் இழுக்கப்படுவார், விழும் தண்ணீர் அமுக்கும், மறுபடி மேலே வருவார், மறுபடி உள்ளே. இயற்கையான பாறை அருவியில் இந்த உருளைக்கு எங்காவது ஒரு இடைவெளி இருக்கும். மனிதன் கட்டிய சுவர் கரைக்குக் கரை நேராக இருக்கு, தப்பிக்கச் சந்தே கிடையாது. போதாக்குறைக்கு அந்த நுரையில் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் உங்களை மிதக்க வைக்காது, கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. ஒலிம்பிக் நீச்சல்காரரையும் அங்கே போட்டா இதே கதைதான்.

காயாக்காரர்கள் ஆறடி அருவியில் சிரிச்சுட்டே குதிப்பாங்க. ஆனா நேர்கோட்டுத் தடுப்பணையைப் பார்த்தா படகைத் தோளில் தூக்கிட்டுக் கரையோரமா நடந்து போயிடுவாங்க. அதை யாரும் கோழைத்தனம்னு கிண்டல் பண்றதில்லை. ஆபத்தை இறங்கிப் பார்த்துட்டு, "இன்னிக்கு வேண்டாம்"னு சொல்றவனை மதிக்கிற கூட்டம் அது. நம்ம பக்கம், கலங்கில் இறங்கத் தயங்குறவனைப் பார்த்து நாலு பேர் "டேய், பொண்ணாட்டம்"னு கத்துவான். யார் கொழுப்பெடுத்தவன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

1975-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்ற ஊரில், சஸ்குவஹானா ஆற்றின் தாழ்வான அணை ஒன்றின் அடியில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் படகில் போன தீயணைப்பு வீரர்களே அந்த உருளையில் கவிழ்ந்தார்கள், உயிரிழப்பும் நடந்தது. மறுநாள் உடலைத் தேடப் போன படகும் அதே இடத்தில் கவிழ்ந்தது. அந்தக் காட்சிகள் படமாகப் பதிவாகியிருக்கு, இன்னிக்கும் மீட்பு வகுப்புகளில் போட்டுக் காட்டுறாங்க. இதுபோன்ற சாவுகளுக்குப் பிறகுதான், "வீரம் இருந்தா போதாது, ஓடும் தண்ணீருக்குத் தனிப் பயிற்சி வேணும்" என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. 1970களின் கடைசியில் அதற்கென்றே பாடத்திட்டங்கள் வந்தன. பாடம் எழுதுறதுக்கு முன்னாடி அவங்களும் பிணம் எண்ணியிருக்காங்க. நாம இன்னும் எண்ணிக்கிட்டே இருக்கோம், பாடம்தான் எழுதலை.

2022 ஜூன், கடலூர் மாவட்டம், கெடிலம் ஆறு. தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன ஏழு பெண்கள், பெரும்பாலும் சிறுமிகள். முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் அடுத்தடுத்து இறங்கினார்கள். ஏழு பேரும் போயாச்சு. 2023 பிப்ரவரி, கரூர் மாவட்டம் மாயனூர், காவிரி. கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிக் குழந்தைகள் நாலு பேர். அங்கேயும் ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி. இந்தச் செய்திகளைப் படிச்சிட்டு "பெத்தவங்க என்ன பண்ணாங்க?", "டீச்சரை சஸ்பெண்ட் பண்ணு"ன்னு எழுதினோம். கை கோத்துட்டு தண்ணியில் இறங்காம, துப்பட்டாவை வீசியிருக்கலாமேன்னு அந்தக் குழந்தைகளுக்கு யாராவது ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தோமான்னு ஒருத்தரும் கேட்கலை.

காப்பாற்றப் போறவங்க சாகிறதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். மூழ்குறவர் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. அவர் உங்களைப் பிடிப்பது நன்றியோடு இல்லை, ஏணியா நினைச்சு. உங்க தலை மேல ஏறித்தான் மூச்சு விடப் பார்ப்பார். உங்க பிள்ளையா இருந்தாலும் சரி, பெத்த அப்பாவா இருந்தாலும் சரி. அதனால் நீரில் குதிப்பது என்பது மீட்புப் பாடத்தில் கடைசி வரி. அதுக்கு முன்னாடி ஒரு வரிசை இருக்கு. சத்தம் போட்டு வழி சொல்லு. முடியலையா, கரையில் படுத்துக்கிட்டு கம்போ வேட்டியோ நீட்டு. எட்டலையா, கயிறோ மிதக்கும் பொருளோ வீசு. அதுவும் முடியலையா, படகு அல்லது பரிசல். இதெல்லாம் போன பிறகுதான், அதுவும் பயிற்சி பெற்றவர், லைஃப் ஜாக்கெட்டோட, இறங்கணும்.

கயிறு வீசுறதிலும் விஷயம் இருக்கு. ஆள் உங்களைத் தாண்டிப் போன பிறகு வீசினா வீண். அவர் உங்களுக்கு நேரா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பேர் சொல்லிக் கத்தி, உங்களைப் பார்த்ததும், கயிறு அவர் உடம்புக்குக் குறுக்கே விழுற மாதிரி வீசணும். அவர் மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டு நெஞ்சோடு பிடிக்கணும். நீங்க இழுக்கவே வேண்டாம். உட்கார்ந்து காலை முட்டுக்கொடுத்துக் கெட்டியா பிடிச்சா போதும், ஆறே அவரை ஊஞ்சல் மாதிரி வளைச்சுக் கரையில் கொண்டுவந்து சேர்த்துடும். தள்ளிக் கொல்ற அதே விசைதான் இங்கே உங்களுக்குக் கூலி வாங்காம வேலை செய்யுது. ஒண்ணே ஒண்ணு: கயிற்றை உங்க இடுப்பிலோ கையிலோ சுத்திக் கட்டிக்காதீங்க. சினிமாவில் ஹீரோ அப்படித்தான் குதிப்பார். நிஜத்தில் ஓட்டத்தில் இறுகிய கயிற்றோட கட்டுண்டவர் நேரா தண்ணிக்கு அடியில்தான் போவார், அவிழ்க்கவும் முடியாது.

"இதுக்கெல்லாம் பேரிடர் மீட்புப் படை இருக்கே சார்" என்பவர்களுக்கு. இருக்கு. திறமையான படை. நம்ம மாநிலத்துக்கான அவங்க முகாம் அரக்கோணத்தில் இருக்கு. மூச்சு நின்ன நாலிலிருந்து ஆறு நிமிஷத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். அரக்கோணத்திலிருந்து மாயனூருக்கு ஆறு நிமிஷத்தில் எந்த வண்டி வரும்? தூரத்திலிருந்து வருகிற படையால் பெரும்பாலும் உடலைத்தான் எடுத்துக்கொடுக்க முடியும். உயிரை எடுத்துக்கொடுக்கக் கூடியவர் அந்த நிமிஷம் படித்துறையில் நிற்பவர் மட்டுமே: பரிசல்காரர், மீன் பிடிக்கிறவர், பூக்கடை அக்கா, வீடியோ எடுத்துட்டு இருக்கிற தம்பி. பயிற்சி அவங்களுக்குத்தான் தேவை.

இன்னொண்ணு. மூழ்குறவர் "காப்பாத்துங்க"ன்னு கத்துவார், கையை ஆட்டுவார்னு நினைச்சுட்டு இருக்கோம். வாய் தண்ணிக்கு மேலே வர்ற அந்த அரை நொடியில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது, எங்கே கத்துறது? கை தன்னிச்சையா பக்கவாட்டில் தண்ணியை அமுக்கிட்டு இருக்கும். தலை பின்னால் சாய்ஞ்சு, வாய் திறந்து, ஏணி ஏறுற மாதிரி ஒரு அசைவு. பார்க்க விளையாடுற மாதிரியே இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போயிடுவாங்க. பக்கத்தில் இருந்த நாலு பேருக்கும் தெரியாது. சத்தம் போட்டுட்டு இருந்த குழந்தை திடீர்னு அமைதியாச்சுன்னா உடனே திரும்பிப் பாருங்க.

கரைக்குக் கொண்டு வந்தாச்சு. இப்ப என் ஏரியா. தயவுசெஞ்சு தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. வயித்தை அமுக்காதீங்க. தமிழ் சினிமா நமக்குச் செஞ்ச பெரிய துரோகம் அந்த வயிற்றை அமுக்குற சீன், வாயிலிருந்து நீரூற்று மாதிரி தண்ணி வந்ததும் ஹீரோயின் கண் முழிப்பாங்க. நீங்க அமுக்கும்போது வர்றது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணியும் சாப்பாடும். அது நேரா நுரையீரலுக்குள் போகும். செத்துட்டு இருக்கிறவரை நாமே முடிச்சு வைக்கிற வேலை.

மாரடைப்பில் நின்ற இதயமும் மூழ்கியதால் நின்ற இதயமும் வேற வேற. மாரடைப்பில் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இருக்கும், பம்ப்தான் நின்னுபோச்சு. மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்தது ஆக்சிஜன், அப்புறம்தான் பம்ப் நின்னது. அதனால் நெஞ்சை மட்டும் அமுக்குற முறை இங்கே போதாது, மூச்சு கொடுத்தே ஆகணும். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லைன்னா, தலையைப் பின்னால் சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வெச்சு முதலில் ஊதுங்க. ஐரோப்பிய வழிகாட்டுதல் ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்கர்கள் இரண்டு என்கிறார்கள். எதுவானாலும் மூச்சில் ஆரம்பிங்க. பிறகு 30 அமுக்கல், 2 மூச்சு, திரும்பத் திரும்ப. நுரை வந்துட்டே இருக்கும், அதைத் துடைச்சுட்டு உட்காராதீங்க. இன்னொருத்தர் அதுக்குள்ள 108-க்குக் கூப்பிடட்டும்.

கண் முழிச்சு உட்கார்ந்து "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னாலும், இருமல் இருந்தா, மூச்சு வாங்கினா, கொஞ்ச நேரமாவது மயங்கியிருந்தா மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. சில மணி நேரத்தில் நுரையீரல் மோசமாகிறதுண்டு.

"அப்போ எல்லா ஊர்லயும் நீச்சல் குளம் கட்டிடலாமே"ன்னு ஒரு கூட்டம் வரும். கட்டுங்க, நீச்சல் கத்துக்கொடுங்க, நான் எதிரி இல்லை. குழந்தைகளுக்கு அது நல்லதுதான். ஆனா நீலக் கலர் டைல்ஸ் போட்ட குளத்தில் 25 மீட்டர் நீந்தினவன், "எனக்கு நீச்சல் தெரியும்" என்ற தைரியத்தில் கொள்ளிடத்தில் மணல் அள்ளின பள்ளத்தில் இறங்கினா என்ன ஆகும்? நேத்து முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்னிக்கு இரண்டாள் ஆழம் இருக்கும் ஆறு நம்முடையது. "தடை போடுங்க" என்பவர்கள் இன்னொரு கூட்டம். ஆற்றங்கரையில் முடி இறக்கி, திதி கொடுத்து, தாலி மாத்தி வாழுற சமூகத்தை ஆற்றில் இறங்காதேன்னு போர்டு வெச்சுத் தடுக்க முடியும்னு நம்புறவங்களோட எனக்குப் பேச எதுவும் இல்லை.

கோழிக்கோடு பக்கம் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆறுகளில் மழைக்காலத்தில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்குது, வெளிநாட்டுக்காரங்க காயாக் ஓட்ட வர்றாங்க. நம்ம எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். ரிஷிகேஷ் கங்கையில் ராஃப்டிங் வழிகாட்டிகள் இந்த மீட்புப் பயிற்சியை எடுத்துட்டுத்தான் வேலை பார்க்கணும்னு எதிர்பார்க்கிறாங்க. இரண்டு மூன்று நாள் பயிற்சிதான், ராக்கெட் விடுற வித்தை இல்லை. ஒகேனக்கல் பரிசல்காரருக்கு, மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை உள்ள ஊராட்சி ஊழியருக்கு, காவிரிக்கரைப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை இதைக் கொடுக்க என்ன தடை? பணம்னு மட்டும் சொல்லாதீங்க. ஒவ்வொரு சாவுக்கும் அறிவிக்கிற நிவாரணத் தொகையை ஒரு வருஷம் கூட்டிப் பாருங்க.

அரசு செய்யட்டும்னு உட்காரவும் வேண்டாம். ஆடி 18-க்கு பந்தல், மைக் செட், அன்னதானம்னு வசூல் பண்ற விழாக் கமிட்டிகளுக்கு: தண்ணியில் மிதக்கிற பாலிப்ரோப்பிலீன் கயிறு 20 மீட்டர் வாங்குங்க, சுண்டுவிரல் பருமன். நைலான் வேண்டாம், முங்கிடும். ஒரு முனையில் அஞ்சு லிட்டர் காலி கேன், உள்ளே ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி மூடி இறுக்கிடுங்க, எடை இருந்தாத்தான் தூரம் போய் விழும். மறுமுனையில் கைக்குப் பிடிமானமா ஒரு முடிச்சு. இதை வெயில் படாம ஒரு பெட்டியில், பூட்டு போடாம, படித்துறையிலேயே மாட்டுங்க. முந்தின நாள் சாயங்காலம் ஊர்ப் பசங்க பத்து பேரை நிக்க வெச்சு, ஆளுக்கு இருபது தடவை வீசச் சொல்லுங்க. முதல் அஞ்சு தடவை எல்லாரும் தப்பாத்தான் வீசுவாங்க, சிரிச்சுட்டு விடுங்க. விழா அன்னிக்கு அதில் ரெண்டு பேர் படித்துறைக்குக் கீழ்ப்பக்கம், ஓட்டம் போற திசையில் முப்பது நாப்பது அடி தள்ளி நிக்கணும். மேல்பக்கம் ஒருத்தர் மரம் மட்டை எதுவும் அடிச்சுட்டு வருதான்னு பார்த்து விசில் ஊதணும். தண்ணி திடீர்னு கலங்கலாகிறதோ, சருகும் குச்சியுமா வர்றதோ தெரிஞ்சா அப்பவும் விசில், எல்லாரும் மேலே ஏறிடணும். மேலே எங்கேயோ மழை பெய்ஞ்சிருக்கு, இல்லைன்னா ஷட்டர் தூக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.